செபஸ்தியான் வாங்க வந்த ஸ்பீக்கர்

செபஸ்தியானுக்கு நாற்பத்தெட்டு வயது. தூத்துக்குடியிலிருந்து மீன்பிடிக்க வந்து அந்தமானிலேயே தங்கிவிட்டவரின் கடைசி மகன். படகுக்குப் போகப் பிடிக்காமல், இருபது வயதில் ஹேடோ துறைமுகத்தில் ஒரு சரக்கு ஒப்பந்தக்காரரிடம் மூட்டை தூக்கச் சேர்ந்தார். ஆறு வருடம் கழித்து ஃபோர்க்லிஃப்ட் ஓட்டப் பழகினார். மெயின்லேண்டிலிருந்து வரும் சிமெண்ட், அரிசி, டைல்ஸ் எல்லாம் அவருடைய வண்டியின் இரும்புக் கரங்களில் ஏறித்தான் கிடங்குக்குப் போகும். ஒரு கண்ணாடிப் பெட்டியைக்கூட உடைத்ததில்லை என்பது அவருக்குப் பெருமை.

இரண்டு வாரத்துக்கு முன்புதான் முதல் தடவையாக ஒன்று தவறியது. கிடங்கு வாசலில் அவர் வண்டியைப் பின்னால் எடுத்தபோது, சைகை காட்டும் முத்துகிருஷ்ணன் நிறுத்தச் சொல்லி விசில் ஊதினார். செபஸ்தியான் நிறுத்தவில்லை. முத்துகிருஷ்ணன் ஒரு பக்கமாகப் பாய்ந்து விழுந்தார். முழங்கை சிராய்த்ததோடு போயிற்று.

"இன்ஜின் சத்தத்துல கேக்கல" என்றார் செபஸ்தியான். எல்லோரும் நம்பினார்கள். அவரும் நம்பப் பார்த்தார்.

அதற்கப்புறம்தான் அவருக்குக் காரின் ஸ்பீக்கர் மேல் சந்தேகம் வந்தது. அவரிடம் ஒரு பழைய வேகன் ஆர் இருந்தது. சில மாதங்களாக அதில் பாட்டு போட்டால் போர்வைக்குள்ளிருந்து பாடுவது போலிருந்தது. மேளம் கேட்கும், வார்த்தை பிடிபடாது. "உப்புக் காத்துல ஸ்பீக்கர் போயிருச்சு" என்று மனைவி ஞானசெல்வியிடம் சொன்னார். அவள் கணவனின் முகத்தைப் பார்த்தாள்.

சனிக்கிழமை மதியம் இருவரும் ஜங்லிகாட் பகுதியில் பிரவீன்குமாரின் கடைக்குப் போனார்கள். கார்களுக்கு ஸ்டீரியோ மாட்டும் சின்னக் கடை. பிரவீன்குமார் முன்கதவின் உள்பலகையைக் கழற்றி, ஸ்பீக்கரை வெளியே எடுத்து, கூம்பை விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தான். மீட்டரை வைத்தான். திருப்பிப் பார்த்தான்.

"அண்ணே, இது எக்தம் டீக் இருக்கு. கோன் கிழியல, காயில் போகல. கனெக்‌ஷன்ல லேசா துரு. தேய்ச்சு விட்டா போதும்."

"இல்ல தம்பி, மாத்திடு."

"நல்லா இருக்கிறத எதுக்கு மாத்தணும்?"

"நான்தானே தினம் கேக்கேன்? மாத்துன்னு சொல்லுதேன்ல?"

குரல் தேவைக்கு மேலே உயர்ந்துவிட்டது. ஞானசெல்வி தலையைக் குனிந்துகொண்டாள். பிரவீன்குமார் தோளைக் குலுக்கிவிட்டு அவர்களை உள்ளே கூட்டிப் போனான். சுவரில் ஒரு பலகையில் மூன்று ஜோடி ஸ்பீக்கர்கள் பதித்திருந்தன. கதவில் பொருந்தும் ஆறரை இஞ்ச் அளவு இந்த மூன்றில்தான் இருந்தது. வேறு வேண்டுமென்றால் அடுத்த கப்பல் வரைக்கும் காத்திருக்க வேண்டும்.

முதல் ஜோடியில் ஒரு பெண் பாடினாள். செபஸ்தியான் கண்ணை மூடிக் கேட்டார். "இதுவும் மந்தமா இருக்கே."

இரண்டாவது ஜோடி. "அதே மாதிரிதான்."

மூன்றாவதில் ட்வீட்டர் என்ற குட்டி ஸ்பீக்கர் தனியாக இருந்தது. கீச்சென்ற மெல்லிய ஒலிகளுக்கென்றே செய்தது. பிரவீன்குமார் அதைப் பெருமையோடு போட்டான். "இதுல பாடுறவங்க மூச்சு வாங்குறதுகூட கேக்கும், அண்ணே."

செபஸ்தியான் முன்னால் சாய்ந்தார். நெற்றியில் வியர்வை துளிர்த்தது. "மூணும் ஒண்ணு போலத்தான் இருக்கு. முதல்லதே குடு. அதுல மேளமாவது கும்முனு இருக்கு."

"அது வெறுமனே இரையுது" என்றாள் ஞானசெல்வி. "இந்த மூணாவதுதான் கண்ணாடி மாதிரி இருக்கு. உங்களுக்குத் தெரியலியா?"

பிரவீன்குமாருக்கு ஒன்றும் புரியவில்லை. இவ்வளவு வித்தியாசம் ஒருவருக்குத் தெரியாமல் இருக்குமா? வயர் ஏதாவது விட்டிருக்கிறதோ என்று அவனுக்குத் தோன்றியது. "ஏக் மினிட், டோன் போட்டுச் செக் பண்ணிடறேன்" என்று ஃபோனை இணைத்தான். வெறும் "ஊம்" என்ற சத்தம் தாழ்வாக ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது. செபஸ்தியான் தலையாட்டிக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் தலையாட்டல் நின்றது.

"ஏன் நிறுத்திட்ட? போடு."

பிரவீன்குமார் நிறுத்தவில்லை. செபஸ்தியான் திரும்பினார். ஞானசெல்வி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு முகத்தைச் சுளித்து நின்றாள். வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் சத்தம் தாங்காமல் எழுந்து உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

பிரவீன்குமார் ஃபோனை அணைத்தான். அணைத்ததுகூடச் செபஸ்தியானுக்குத் தெரியவில்லை. ஞானசெல்வி காதிலிருந்து கையை எடுத்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

பிரவீன்குமார், "பழசையே மாட்டிடறேன், அண்ணே" என்று தரையைப் பார்த்துச் சொன்னான்.

காரில் ஏறியதும் ஞானசெல்வி கேட்டாள். "அன்னைக்கு முத்துகிருஷ்ணன் அண்ணன் விசில் ஊதுனது இப்படித்தான் கேக்காமப் போச்சா?"

செபஸ்தியான் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். காரை எடுக்கவில்லை.

"உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"சந்தேகம் இருந்துச்சு" என்றார். "ஸ்பீக்கர்தான் கெட்டுப் போச்சுன்னு ஆயிட்டா நல்லா இருக்கும்னு நெனச்சேன். அடுத்த மாசம் மெடிக்கல் செக்கப் வருது ஞானம். அதுவரைக்கும் வாயத் தெறக்காத. வண்டிய விட்டு இறக்கிட்டா எனக்கு வேற என்ன தெரியும்?"

"திங்கக்கிழமை வண்டியில ஏறுவீங்களா?"

அவர் காரை ஸ்டார்ட் செய்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் முழந்தாளிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை சென்னையிலிருந்து வந்த கப்பல் சரக்கு இறக்கக் காத்திருந்தது. மேற்பார்வையாளர் சந்திரசேகர் வண்டிச் சாவியைத் தூக்கிப் போட்டார். "ஜல்தி, செபஸ்தியான். மழைக்கு முன்னாடி சிமெண்ட் உள்ள போகணும்." செபஸ்தியான் ஏறி உட்கார்ந்தார், ஸ்டார்ட் செய்தார். கண்ணாடியில் முத்துகிருஷ்ணன் தெரிந்தார். முழங்கையில் இன்னும் பிளாஸ்திரி. வாயில் விசில். கன்னம் உப்பியது. ஊதுகிறாரா, சும்மா வைத்திருக்கிறாரா?

செபஸ்தியானின் கை கியர் மேலேயே இருந்தது. பின்னால் லாரிக்காரர்கள் கத்துவது வாயசைவில் தெரிந்தது. அவர் சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினார். இறங்கி நேராக முத்துகிருஷ்ணனிடம் போனார்.

"உன் விசில் எனக்குக் கேக்கல, முத்து. அன்னைக்கும் கேக்கல. இன்ஜின் சத்தம்னு சொன்னது பொய்."

முத்துகிருஷ்ணன் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "எப்பத் தெரிஞ்சது?"

"சனிக்கிழமை உறுதியாத் தெரிஞ்சது. சந்தேகம் அதுக்கு முன்னாடியே."

"சந்தேகத்தோட ரெண்டு வாரம் ஓட்டுனியா? நான் பின்னாடி நிக்கையில?"

செபஸ்தியான் தலையசைத்தார். முத்துகிருஷ்ணன் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு, தெரியும்ல உனக்கு?" சந்திரசேகர் ஓடி வந்து விலக்கினார். அன்றைக்கு வேறொருவர் வண்டியை எடுத்தார். சிமெண்டில் பாதி நனைந்தது.

காது டாக்டர் காட்டிய வரைபடத்தில் கோடு பாதி வரை நேராக வந்து, கீச்சென்ற ஒலிகள் தொடங்கும் இடத்தில் சரிந்து கீழே விழுந்தது. இத்தனை வருட இரைச்சலில் போன கேட்கும் சக்தி திரும்பாது என்றார், கருவி வைத்தால் பேச்சு புரியும் என்றார். ஒப்பந்தக்காரர் மூன்று நாள் யோசித்தார். அந்த மூன்று நாளும் செபஸ்தியான் சாப்பிட உட்காருவார், தட்டைத் தொடாமல் எழுந்துவிடுவார். கடைசியில் கிடங்கு வாசலில் சரக்குப் பட்டியல் சரிபார்க்கும் வேலைக்கு மாற்றினார்கள்.

முத்துகிருஷ்ணன் ஒரு மாதத்துக்கு மேல் அவரோடு பேசவில்லை. தேவைப்பட்டால் சீட்டை மேசையில் வீசிவிட்டுப் போவார். ஒரு நாள் அரிசி லோடில் நாலு மூட்டை குறைந்தது. அதைச் சொல்ல வந்தவர், முதுகுக்குப் பின்னால் நின்று இரண்டு தடவை கூப்பிட்டார். கருவி இன்னும் வந்திருக்கவில்லை; செபஸ்தியான் திரும்பவில்லை. முத்துகிருஷ்ணன் மேசையைச் சுற்றி வந்து, அவர் முகத்துக்கு நேராக நின்று, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னார்:

"நாலு மூட்டை குறையுது. வா, எண்ணிப் பார்ப்போம்."