ஏழாம் வகுப்பின் ஜன்னலோர மேஜைப் பிராணிகள்

அறிவியல் சொல்லிக்கொடுப்பது சுலபம். அதற்குத் தீனி போட்டு, கூண்டு கழுவி, சனி ஞாயிறு தாண்டியும் உயிரோடு வைத்திருப்பதுதான் கஷ்டம். வகுப்பறையில் ஒரு மீன் தொட்டியாவது வைத்து அனுபவப்பட்டவர்களுக்கு இது புரியும். உங்கள் அனைவருக்கும் என் ஆழ்ந்த அனுதாபங்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூர் காக்ஸ் டவுனில் ஒரு பள்ளியில் நான் அறிவியல் மிஸ். ஏழாம் வகுப்பு ஜன்னலோர மேஜையில் இரண்டு கினி பிக், ஒரு ஜாடி நிறையக் குச்சிப்பூச்சி, சங்குக்குள் குடியிருக்கும் நண்டு ஒன்று. பிள்ளைகள் என் பாடத்தைக் கேட்டதே அந்த மேஜைக்காகத்தான் என்பது எனக்குத் தெரியும். அது போய்விடுமோ என்று தினமும் பயந்தேன். காரணம், அனுமதி கொடுத்த அன்றே பிரின்சிபால் மேடம் சொல்லிவிட்டார்: "ஒரே ஒரு கம்ப்ளெய்ன்ட் வரட்டும் மிஸ், அன்னைக்கே எல்லாம் கிளம்பணும்."

கொத்தமல்லி மகிமை

கினி பிக்குக்கும் நமக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. வைட்டமின் சி-யை உடம்பு தானாகத் தயாரித்துக்கொள்ளாது. சாப்பாட்டில்தான் வந்தாக வேண்டும். இதை நான் சொன்னதுதான் தாமதம், மறுநாளிலிருந்து டிபன் பாக்ஸில் இருந்த குடைமிளகாய், கொய்யா, கொத்தமல்லி எல்லாம் மேஜைக்குப் போயின. கினி பிக் இரண்டும் தலையணை மாதிரி ஆகிவிட்டன.

ஒருநாள் அடுகோடி ஏரியாவிலிருந்து ஒரு பையனின் அம்மா என்னைத் தேடி வந்தார். புகார்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். அவரோ என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "ரசத்துல மிதக்கறதக்கூட பொறுக்கிப் போடறவன் மிஸ், இப்போ தினமும் ஒரு கட்டு கொத்தமல்லி கேட்டு வாங்கிட்டு வரான், நீங்க தெய்வம்!"

லண்டன் குச்சி

குச்சிப்பூச்சிகள் லண்டனிலிருந்து வந்தவை. ஒரு மாணவியின் சித்தப்பா முட்டைகளாகக் கொண்டுவந்து கொடுத்தார். அசையாமல் இருந்தால் காய்ந்த குச்சி, அசைந்தால் நடக்கிற குச்சி. அத்தனையும் பெண். ஆணின் தயவே இல்லாமல் முட்டையிட்டு வம்சத்தை நடத்திக்கொள்ளும். இதைக் கேட்டதும் என் வகுப்புப் பெண்கள் பையன்களைப் பார்த்த பார்வையில், பாடத்தை அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொண்டேன்.

சீமைப் பூச்சி என்று பள்ளியே வரிசையில் வந்து பார்த்தது. கணக்கு வாத்தியார் நாகராஜ் சார் கன்னடக்காரர். அவர் இரண்டு தடவை வந்தார். பிறகு ஒருநாள் புத்தகத்தைப் புரட்டினால், அந்தப் பூச்சியின் பூர்வீகம் நம் கொடைக்கானல் பக்கத்து மலை! அங்கிருந்து கப்பலேறி ஐரோப்பாவில் குடியேறிய வம்சமாம். ஸ்டாஃப் ரூமில் இதைச் சொன்னதும் நாகராஜ் சார் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏன்ரீ மிஸ், கொடைக்கானல்ல பாத்திருந்தா மிதிச்சிட்டுப் போயிருப்போம், லண்டன் போய் வந்துச்சுன்னு கியூவில நின்னோமே!"

நண்டுக்கு நடந்த அடக்கம்

நண்டு சில நாட்களாக மணலுக்குள் புதைந்து கிடந்தது. நான் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், தொட்டியைச் சுத்தம் செய்த பிள்ளைகளுக்குக் கால், கொடுக்கு, மீசையோடு அதன் உடல் அகப்பட்டது. கிறிஸ்தவக் குடும்பங்கள் நிறைந்த காக்ஸ் டவுன் பிள்ளைகளுக்கு அடக்கம் செய்யச் சொல்லித்தர வேண்டியதில்லை. சாக்பீஸ் டப்பா பெட்டியாயிற்று, ஐஸ் குச்சி சிலுவையாயிற்று. பாட்டும் ஜெபமுமாக ஊர்வலம் போய், வேப்பமரத்தடியில் குழி தோண்டிவிட்டார்கள். இதைப் பார்த்து ஒன்றாம் வகுப்பே ஓவென்று அழ, பிரின்சிபால் இறங்கி வந்துவிட்டார். நான் ஓடிப்போய் டப்பாவைத் திறந்தேன். உள்ளே இருந்தது வெறும் கூடு. "மேடம், இது நண்டு இல்ல, அதோட சட்டை. வளரும்போது கழட்டிப் போட்டுடும்" என்றேன். "அப்ப நண்டு எங்க? எடுத்துக் காட்டுங்க, இல்லன்னா மேஜை காலி" என்றார்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். புது ஓடு கெட்டிப்படுவதற்குள் மணலைத் தோண்டினால் நண்டு நிஜமாகவே செத்துப்போகும். கெஞ்சிக் கூத்தாடி ஒரு வாரம் அவகாசம் வாங்கினேன். கழற்றிய கூட்டைத் தின்றுதான் அது தன் ஓட்டைக் கெட்டியாக்கிக்கொள்ளும். அதனால் அந்தக் கூட்டைத் திரும்பவும் தொட்டியிலேயே வைத்தோம்.

வாரம் முடிந்தது, நண்டு வரவில்லை. பிரின்சிபால் அட்டெண்டரோடும் அட்டைப்பெட்டியோடும் வந்து நின்றார். கினி பிக்குகளை நானே தூக்கிப் பெட்டிக்குள் வைத்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்போது முன் பெஞ்சில் ஒரே கூச்சல். மணல் அசைந்தது. சங்கைச் சுமந்துகொண்டு மேலே வந்த நண்டு, யாரையும் சட்டை செய்யாமல் நேராகத் தன் பழைய உடலிடம் போய், ஒரு காலை ஒடித்து நிதானமாகத் தின்ன ஆரம்பித்தது. பிரின்சிபால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். "இந்த ஊர்ல எத்தனையோ அடக்கத்துக்குப் போயிருக்கேன் மிஸ், செத்தவரே வந்து சாப்பாட்டுக்கு உக்காந்ததை இப்பதான் பாக்கறேன், இருந்துட்டுப் போகட்டும், விடுங்க!"

அந்த மேஜையில் இருந்த எதுவும் ஒரு நாள்கூட நிம்மதி இழந்ததாகத் தெரியவில்லை. பயந்து பயந்து பாதி உயிர் போனது மிஸ்ஸுக்கு மட்டும்தான்.