சஹனில் முதல் கை

கல்முனையில் ஒரு கொமினிகேஷன் கடையில் ஒன்லைன் விண்ணப்பம் நிரப்புவது என் வேலை. சேர்ந்த முதல் நாளே முதலாளி மாஹிர் காக்கா சொல்லிவிட்டார்: "தங்கச்சி, வாறவங்க சொல்றத டைப் பண்ணுங்க. புத்தி சொல்லப் போக வாணாம்."

எனக்கு அது நிம்மதி. மகனுக்குக் காய்ச்சல் மருந்து கொடுப்பதற்குக்கூட போத்தலை மூன்று தரம் வாசிப்பவள் நான். அடுத்தவர் பிள்ளைக்குப் புத்தி சொல்லும் துணிவு எங்கே?

1. ஒரு விண்ணப்பம், எல்லாக் கதவும்

வருகிறவர்களில் பாதிப் பேர், பல்கலைக்கழகத்துக்குப் போட்டால் கல்வியியற் கல்லூரிக்கும் சேர்த்துப் போட்டாயிற்று என்றே நினைப்பார்கள். அதற்கு வேறு அறிவித்தல், வேறு விண்ணப்பம். திறந்த பல்கலைக்கழகத்துக்கு இன்னொன்று. இதைச் சொல்வது புத்தி சொல்வதில் சேருமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு, சொல்லத் தொடங்கினேன்.

2. ஷப்னாவின் உம்மா

சாய்ந்தமருதிலிருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். மகள் ஷப்னா கலைப் பிரிவு. உயர்தரப் பரீட்சையில் அவளுடைய இசட் ஸ்கோர், சட்டப் படிப்புக்கான போன வருட வெட்டுப்புள்ளியைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. உம்மா எழுதிவந்த விருப்ப ஒழுங்கில் பக்கத்துப் பல்கலைக்கழகத்தின் கலைமாணி முதலாவது. சட்டம் கடைசி.

சொன்னபடி டைப் பண்ணினேன். ஷப்னா தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சமர்ப்பிக்கும் பொத்தானுக்கு மேல் என் விரல் நின்றுவிட்டது.

"ராத்தா, சட்டம் ஏன் கடைசில?"

"என்ன புள்ள கேக்குறீங்க? கலியாணத்துல ஆறு பேர் சேந்து திங்கிற சஹன்ல குந்தின உடனே இறைச்சில கை வெக்கலாமா? பேராசக்காரர் எண்டு நினைப்பாங்க. முதல்ல சோத்த எடுக்கணும். இறைச்சி பிறகு தானா வரும்."

மாஹிர் காக்கா போட்டோகொப்பி மெஷினுக்குப் பின்னால் கனைத்தார். அது எனக்கான கனைப்பு.

"ராத்தா, இந்த சஹன் வேற மாதிரி. மேல இருந்துதான் பாத்து வருவாங்க. சோத்துல கை வெச்சா, இந்தா சோறு எண்டு தந்துட்டு கையக் கழுவச் சொல்லிருவாங்க. இறைச்சியக் காட்டவே மாட்டாங்க. சட்டத்த மேல போட்டு அது கிடைக்காட்டியும், கீழ உள்ள சோறு அப்படியே இரிக்கும்."

"அல்லாஹ்! அப்ப என்ட புள்ளக்கி நான்தான் குழி வெட்டப் பாத்தனா?" உம்மா மகள் பக்கம் திரும்பினார். "நீ ஏன் வாயத் தொறக்கல்ல?"

"நீங்கதானே சபைல கேட்டு வாங்கப்பொடாது எண்டு வளத்தீங்க" என்றாள் ஷப்னா.

ஒழுங்கை மாற்றினோம். முடிவு வரும்வரை எனக்குத் தூக்கம் சரியில்லை. என் பேச்சால் ஏதாவது பிழைத்திருந்தால்? சட்டமே கிடைத்தது. உம்மா ஒரு தட்டு தொதல் இனிப்போடு வந்தார். அதில் முதல் துண்டை எடுத்தவர் மாஹிர் காக்கா. "நான்தானே இவவ வேலைக்கி எடுத்த" என்றார்.

இந்த வேலைக்கு வரும் தங்கச்சிமாருக்கு ஒன்று: முதல் விருப்பத்தைப் பிள்ளையின் வாயால் கேளுங்கள். பொத்தானை அமத்தும் முன் இன்னொரு தரம் கேளுங்கள். பயந்த ஆட்களுக்குத் தோதான வேலை இது.

போன கிழமை ஒரு கலியாண வீட்டில், சஹனை வைத்ததும் என் நான்கு வயது மகன் நேரே இறைச்சியில் கை வைத்தான். பக்கத்திலிருந்த என் மாமி, அவனைத் தடுக்கச் சொல்வதுபோல் என்னைப் பார்த்தார். நான் சோற்றைப் பார்த்தேன்.