ஞானமணி டீச்சரின் செருப்பு

பம்பாய் மாஹிமில் செருப்புக் கடையைக் கடக்கும்போது தோல் வாடை அடித்தால், இன்றும் என் தலை தானாகக் குனிகிறது. அறுபதுகளில் தாராவியில் எங்கள் பக்கத்து வீட்டுப் பரணில் ஏறினால் எட்டு வயதான எனக்கே கூரை இடிக்கும். அங்கேதான் ஞானமணி டீச்சர் இருந்தார். திருநெல்வேலிப் பக்கம் முப்பது வருஷம் நின்றுகொண்டே பாடம் நடத்திவிட்டு, ஓய்வுபெற்று மகன் வீட்டுக்கு வந்தவர், முழங்கால் முடங்கியபின் இரும்பு ஏணியில் இறங்க முடியாமல், கொதிக்கும் தகரத்துக்கும் தோல் கிடங்கு நாற்றத்துக்கும் நடுவே, ஞாயிறுதோறும் வெள்ளைச் சேலை உடுத்தி வேதக்கோயில் மணியைக் கேட்டுக்கொண்டு குனிந்தே உட்கார்ந்திருப்பார்.

அவருடைய செருப்பு மட்டும் ஏணியடியில் கிடந்தது. ஒரு ஞாயிறு யாரும் பார்க்காதபோது அதை மாட்டிக்கொண்டு சந்தில் இறங்கினேன். நாலடி வைப்பதற்குள் மேலிருந்து டீச்சரின் குரல்.

"ஏட்டி, அது எஞ் செருப்புச் சத்தம்லா?"

பயந்து நின்றுவிட்டேன்.

"நிக்காதட்டி. கோயில் வாசல் வரைக்கும் போயிட்டு வா."

போனேன். திரும்பி வரும்போது, அவருக்குக் கேட்க வேண்டுமே என்று, ஒவ்வோர் அடியையும் அழுத்தி அழுத்தி வைத்தேன்.