முழுசாகப் படிக்காமல் நான் சிபாரிசு செய்த புத்தகம்

இன்று கடை கவுண்டரில்...

காலை பத்தரை மணி. எங்கள் மலையூர் தானா ராத்தாவில் வழக்கம்போல மழை.

கடையில் நான் மட்டும். (நோட்டு, பேனா, போட்டோகாப்பி, மூலையில் ஒரே ஒரு அலமாரி தமிழ்ப் புத்தகம். அந்த அலமாரிக்கு நான்தான் ராணி!)

செல்வி அக்கா நனைந்துகொண்டே வந்தார். மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர். தோட்டத்தின் பெயர் வேண்டாம்.

இரண்டு வாரத்துக்கு முன் என்னிடம் வாங்கிப் போன புத்தகத்தை பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்து வைத்தார். அவர் தலை சொட்டியது. புத்தகத்தில் ஒரு துளி ஈரம் இல்லை.

“என்னக்கா, பக்கம் ஏதும் விட்டுப்போச்சா? மாத்தித் தரேன்லா.”

“அதான் கேக்க வந்தேன் தங்கச்சி. இதுக்கு ரெண்டாம் பாகம் இருக்கா?”

எனக்கு ஒரே குஷி! வரலாற்றுப் புத்தகத்துக்கு இரண்டாம் பாகம் கேட்கும் வாசகி! (அவரோடு ஒரு செல்ஃபி எடுத்துப் போடலாமா என்றுகூட யோசித்தேன். அவ்வளவு அற்பம் நான்.)

“ஒரே பாகந்தான்கா. அவ்ளோ புடிச்சிருச்சா?”

“புடிக்கிறதுக்கு இல்லம்மா. இதுல கடைசில எல்லாரும் போயிடுறாங்க. அதுக்கப்புறம் யாராச்சும் திரும்பி வந்தாங்களான்னு பாக்கணும்.”

என் பக்கத்தைத் தொடர்கிறவர்களுக்குத் தெரியும். வரலாறு, நாட்டு நடப்பு என்று மாதம் மூன்று புதுப் புத்தகங்களைச் சிபாரிசு செய்வேன். போன மாத மூன்றில் இது ஒன்று. தோட்டங்கள் விற்கப்பட்டபோது தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளை இழந்த குடும்பங்களைத் தேடிப் போய், பேசி, எழுதியது.

“நம் மக்கள் எழுந்து நின்ற வரலாறு! கட்டாயம் படிங்க!” என்று எழுதி, மூன்று நெருப்புப் படமும் போட்டிருந்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் படித்தது முன்னுரையும் முதல் இரண்டு அத்தியாயமும்தான்.

அந்த இரண்டில் மக்கள் எழுந்துதான் நின்றார்கள்.

செல்வி அக்கா நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தார்.

“எங்க லயத்துல எட்டு வீடு. தோட்டத்து ஆபீஸ்லேருந்து சூராட், கடுதாசி வந்துச்சு, வீட்டைக் காலி பண்ணணும், சம்மதம்னு கையெழுத்து போடுங்கன்னு. என் மவதான் ஒன் பதிவக் காட்டுனா. ‘ம்மா, இதே மாதிரி முன்னாடியும் நடந்திருக்காம், எந்திரிச்சு நின்னாங்களாம்’னா. அதான் பஸ் ஏறி வந்து வாங்கிட்டுப் போனேன்.”

தினமும் சாயங்காலம் வேலை முடிந்து, பசியாறிவிட்டு, எட்டு வீட்டுக்காரர்களும் அவர் வீட்டு ஹாலில் உட்கார்ந்திருக்கிறார்கள். அக்கா சத்தமாகப் படித்திருக்கிறார்.

“மொத ரெண்டு நாளு நல்லாத்தான் போச்சு. மனு எழுதுறாங்க, ஆபீஸ் வாசல்ல உக்காருறாங்க. அந்தோணி அண்ணன் கைதட்டுனாரு! ‘நாமளும் யாரும் கையெழுத்து போடக்கூடாது’ன்னு அவருதான் மொதல்ல சொன்னாரு.”

“அப்புறம்?”

“அப்புறந்தான் ஒனக்கே தெரியுமே. படிச்சிருப்பியே.”

தலையாட்டினேன். (ஆமாம். அப்போதும் பொய்!)

“ஒவ்வொரு தோட்டமா காலியாவுது. கடைசிப் பக்கத்துல ஒரு வீடுகூட இல்ல. படிச்சு முடிச்சதும் எந்திரிச்சு அவங்கவங்க வீட்டுக்குப் போயிட்டாங்க. மறுநாள் காலைல அந்தோணி அண்ணன் ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணிகிட்ட போயி கையெழுத்து போட்டுட்டாரு. ‘அவ்ளோ பேரு நின்னே ஒண்ணும் நடக்கல, நாம எட்டு வீடு என்னத்தக் கிழிக்கப்போறோம்’னு கேட்டாரு. நா என்ன சொல்றது? பொறந்த வீடும்மா அவருக்கு. சாவியக் குடுத்துட்டு, காய்கறி லோரியில கட்டில ஏத்திக்கிட்டு, கோலா தெர்லாவுல வாடகை ரூமுக்குப் போயிட்டாரு. அவரு பின்னாடியே அஞ்சு வீடு கையெழுத்து போட்டுருச்சு. இப்ப நானும் பக்கத்து வீட்டு மேரியுந்தான்.”

என்னால் அதற்கு மேல் முடியவில்லை.

“அக்கா, மன்னிச்சிருங்க. நான் அத முழுசா படிக்கல.”

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“படிச்சிருந்தா என்ன சொல்லியிருப்ப?”

அக்கா புத்தகத்தை என் பக்கம் தள்ளினார்.

“நல்ல புத்தகந்தான். நடந்தத நடந்த மாதிரி எழுதியிருக்காங்க. எம்மேலதான் தப்பு. எல்லாரும் கைதட்டுன எடத்துல நிறுத்தியிருக்கணும்.”

பிறகு கேட்டார்: “வேற ஒண்ணு குடு. நின்னு, அதே வீட்டுலயே இருந்துட்டவங்க புத்தகம். சின்னதா இருந்தாலும் போதும். வெள்ளிக்கிழம கிராணி மறுபடி வராரு. மேரிக்குப் படிச்சுக் காட்டணும்.”

அலமாரியில் இருந்த வரலாற்றுப் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். இந்த முறை நேராகக் கடைசி அத்தியாயம். பஞ்சம். போர். வெள்ளம். ஊரை விட்டுப் போனவர்கள். எல்லாமே நான் பெருமையாகச் சிபாரிசு செய்தவை! எதிலும் யாரும் வீட்டில் இல்லை.

அக்கா கவுண்டரில் கை ஊன்றிப் பொறுமையாகக் காத்திருந்தார். பஸ்ஸுக்கு நேரமானதும் வெறுங்கையோடு கிளம்பினார். கொண்டுவந்த புத்தகத்தை என்னிடமே விட்டுவிட்டார்.

“வீட்டுல இருந்தா மேரி எடுத்துப் பாப்பா. அவ கடைசி நாளு கேக்க வரல, பிள்ளைக்குக் காய்ச்சல். அவளுக்கு இன்னும் முடிவு தெரியாது.”

மத்தியானம் முழுவதும் உட்கார்ந்து மிச்சத்தைப் படித்து முடித்தேன். ஒரு வரி பொய்யில்லை. அதுதான் தாங்கவில்லை.

இன்று செவ்வாய். நண்பர்களே, அக்கா கேட்ட மாதிரி ஒரு புத்தகம் யாருக்காவது தெரியுமா? கடைசிப் பக்கம் வரை நீங்களே படித்ததாக இருக்கட்டும்.

நாவல் பெயரெல்லாம் போட்டுவிடாதீர்கள். வாசலில் குடையை விரிக்கும்போது அக்கா திரும்பிப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் போனார்:

“கதை வேணாம்மா. நடந்ததா இருக்கணும்.”