அடுத்தவர் அடுப்பில் பொங்கிய பால்

லண்டன் பிளேஸ்டோவில் தவநாயகி வீட்டுக்குப் போனால் வெறும் தேத்தண்ணிதான் கிடைக்கும். சீனி கேட்டால் அள்ளிப் போடுவாள். பால் மட்டும் கிடையாது. மனுசிக்குக் கஞ்சத்தனம் என்றார்கள் சிலர், பால் ஒத்துக்கொள்ளாது என்றார்கள் வேறு சிலர். இரண்டும் இல்லை. பால் கொதித்து எழும்பும்போது யாரோ வாசல் படலையைத் திறக்கிற சத்தம் அவளுக்குக் கேட்கும். லண்டனில் எங்கே படலை இருக்கிறது? ஆனாலும் கேட்கும்.

மேல்மாடிக்காரி சுஹாத் மட்டும் அதைப் பற்றிக் கேட்டதே இல்லை. சுஹாத் பலஸ்தீனக்காரி, லெபனானில் அகதி முகாமில் பிறந்தவள். தாயும் தகப்பனும் 1948இல் ஹைஃபாவுக்குப் பக்கத்துக் கிராமமொன்றிலிருந்து துரத்தப்பட்டவர்கள். இவளும் தவநாயகியும் ஒரே பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்து, முழங்கால் வலியை மாறி மாறிச் சொல்லிக் கூட்டாளிகளானவர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சுஹாத் அவளையும் ஒரு கூட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். பலஸ்தீன அகதிகள் ஊர் திரும்பும் உரிமை பற்றிய விவாதம். ஒருவர் ஐ.நா. தீர்மானத்தைச் சொன்னார். இன்னொருவர் நட்டஈடு கொடுத்து முடிக்கலாம் என்றார். பின்வரிசையில் ஒருவர் எழும்பி, "இப்போது அங்கே இருப்பவர்கள் அங்கேயே பிறந்தவர்கள். அவர்கள் எங்கே போவது?" என்று கேட்டார். மனிதர் கெட்டவராகத் தெரியவில்லை, உண்மையாகவே கேட்டார். மண்டபம் இரைந்தது. அந்த இரைச்சலுக்குள் சுஹாத் எழுந்து நின்றாள்.

"உரிமை உரிமைதான், அதை ஒருவரும் விலை பேச வேண்டாம். ஆனால் என் அம்மா சாகும்வரை கேட்டது வேறு. எங்கள் வீட்டில் இருப்பவர்களுக்கு அது எங்கள் வீடென்று தெரியுமா? தெரிந்துகொண்டேதான் அங்கே நித்திரை கொள்கிறார்களா?"

திரும்பி வரும்போது பஸ்ஸில் சுஹாத் தவநாயகியின் கையைப் பிடித்து, "உனக்குத்தான் இது விளங்கும். நீயும் வீடிழந்தவள்," என்றாள். நன்றாகவே விளங்கியது. விளங்காமல் இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதி!

வீடிழந்தது மெய்தான். யாழ்ப்பாணம் மயிலிட்டியில் இருந்த வீட்டை 1990இல் ஷெல்லடிக்குப் பயந்து விட்டு ஓடினார்கள். அந்தக் காணியில் இன்றைக்கும் ஆமி இருக்கிறது. ஆனால் அதே வருசம் இன்னொன்றும் நடந்தது. யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைப் புலிகள் இயக்கம் இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னது. வெறிச்சோடிப்போன அந்த வீடுகளில் ஒன்று தவநாயகி குடும்பத்துக்குக் கிடைத்தது. தலைக்கு மேல் கூரை கிடைத்தால் அகதி அது யாருடையதென்று கேட்பானா? தகப்பன் மட்டும் ஒன்று சொன்னார்: "பால் காய்ச்சாமல் குடிபோகக் கூடாது."

சொந்த வீட்டுக்குப் போகிறவர்கள் செய்கிற சடங்கு அது! ஒருவருக்கும் வெட்கம் வரவில்லை. குசினியில் கிடந்த சட்டியையே எடுத்தார்கள். அடியில் என்னவோ கருகிப் பிடித்திருந்தது. தவநாயகிதான் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். பால் கிழக்குப் பக்கம் பொங்கி வழிந்தது. நல்ல சகுனம் என்று எல்லாரும் சந்தோசப்பட்டார்கள். அப்போதுதான் முதன்முதலாகப் படலைச் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தாள், ஒருவரும் இல்லை. கலியாணமாகி லண்டன் வந்தபோது சத்தமும் கூடவே வந்துவிட்டது.

தம்பி தில்லையம்பலம் இன்னமும் அந்த வீட்டில்தான் இருக்கிறான். கூட்டத்துக்கு மறுநாள் காலை வீடியோவில் போன் எடுத்தான்.

"அக்கா, வீட்டுக்காரரின்ர மகளாம், றஜீனா எண்டு ஒருத்தி. புத்தளத்திலயிருந்து வந்து வீட்டு முத்தத்தில நிக்கிறாள். அப்பா காசு குடுத்து வாங்கின வீடெண்டு சொல்லிப்போட்டன். நம்புறாளில்லை. நீ ஒரு சொல் சொல்லு, காணும்."

"என்னைப் பொய்யேடா சொல்லச் சொல்லுறாய்?"

"உனக்கு லண்டன் இருக்கு. இந்த வயதில நான் எங்க போறது?"

நேற்று மண்டபத்தில் கேட்ட அதே கேள்வி. தம்பி தெருவுக்கு வந்துவிடுவானே என்று பயமாக இருந்தது. "போனை அவவிட்டக் குடு," என்றாள்.

திரையில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், முக்காட்டை இழுத்து விட்டபடி.

"தங்கச்சி, அது உங்கட வீடுதான். அப்பா வாங்கேல்லை. நாங்கள் வந்து இருந்தனாங்கள், அவ்வளவுதான்."

"அக்கா, என்ர குடியைக் கெடுத்திட்டாய்!" என்று பின்னால் தில்லையம்பலம் கத்தினான். றஜீனா அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. அழுகிறாளா, மூச்சு வாங்குகிறாளா என்று தெரியவில்லை.

"அக்கா, நீங்கள் வரேக்க குசினி எப்பிடி இருந்தது? எங்களைப் போகச் சொல்லி ஸ்பீக்கரில அறிவிக்கேக்க உம்மா எனக்குப் பால் காய்ச்சிக்கொண்டு நிண்டவ. அப்பிடியே விட்டிட்டு ஓடினது. அடுப்பை அணைச்சனானோ, அணைச்சனானோ எண்டு மௌத்தாகுமட்டும் கேட்டுக்கொண்டிருந்தவ."

தவநாயகிக்குப் படலை திறக்கிற சத்தம் கேட்டது. இந்த முறை அடுப்பில் பாலே இல்லை.

"அடுப்பு அணைஞ்சுதான் இருந்தது, தங்கச்சி. பால் அடிப்பிடிச்சுக் கிடந்தது. அந்தச் சட்டியை நான்தான் மினுக்கினனான். மினுக்கிப்போட்டு, அதிலதான் நாங்கள் பால் காய்ச்சினனாங்கள்."