வேனுக்குள் தவறிய அஸர்

துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்ற நாளில் எல்லோரும் சால்வை போர்த்தினார்கள். வழக்கமான பொய்களைச் சொன்னார்கள். நான் மேடையில் எதையும் சொல்லாமல் மனசுக்குள் ஒரு முடிவெடுத்தேன். இனி ஒரு வேளைத் தொழுகைகூடத் தவறக் கூடாது. பணியில் இருந்த காலமெல்லாம் மதியத் தொழுகையான லுஹரை, பதிவறையில் பழைய அடங்கல் கட்டுகளுக்கு நடுவே கதவைச் சாத்திக்கொண்டு தொழுதவள் நான். மாலையில் அஸர் ஏதாவது ஓர் ஆய்வுக் கூட்டத்தோடு போய்விடும். இருட்டிய பிறகு வீட்டில் அதைக் களாவாக, நேரம் தவறிய கடனாக, தொழுது கழிப்பேன். நிலுவை என்றால் என்ன என்று எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

ஓய்வுக்குப் பின் அந்த முடிவைக் காப்பாற்றியும் வந்தேன். இந்தக் கோடையில் என் மகன் வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்து, குடும்பத்தைச் சந்தோஷப்படுத்தியே தீருவது என்று கிளம்பினான். அதோடு சரி.

மருமகளும் இரண்டு பேரப்பிள்ளைகளும் தேங்காய்ப்பட்டணத்தில் என்னோடுதான் இருக்கிறார்கள். வாடகை வேன் வந்தது. முதல் பயணம் பத்மநாபபுரம். அரண்மனையை நன்றாகத்தான் பார்த்தோம். பிள்ளைகள் மரத்தூண்களை எல்லாம் தொட்டுப் பார்த்து, காவலரிடம் திட்டும் வாங்கினார்கள். திரும்பும் வழியில் அஸருக்குப் பாங்கு சொன்னார்கள். சாலையோரத்தில் ஒரு பள்ளிவாசல். எது என்று சொல்லப் போவதில்லை. அந்தச் சாலையில் மட்டுமா அப்படி? மகனும் ஓட்டுநரும் இறங்கிப் போனார்கள். நானும் மருமகளும் பிள்ளைகளும் வேனில் இருந்தோம். பெண்களுக்கு அங்கே இடம் இல்லை என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை. சொல்லத் தேவையே இல்லை என்பதுதான் அதன் சிறப்பு.

சட்டைக் கை முழங்கை வரை நனைந்து, முகம் கழுவிய தெளிவோடு மகன் திரும்பி வந்தான்.

"தொழுதாச்சு உம்மா. போலாமா?"

அந்தத் தெளிவைப் பார்த்ததும் எனக்குள் எழுந்த எரிச்சலை இங்கே எழுதினால் மரியாதையாக இருக்காது. வழியில் கடைகளில் இரண்டு மணி நேரம், கருங்கலில் நெரிசல். வீட்டு வாசலில் இறங்கும்போது அந்தித் தொழுகையான மஃரிபுக்குப் பாங்கு கேட்டது. அஸர் வேனுக்குள்ளேயே போயிற்று.

அடுத்து திற்பரப்பு அருவி. அன்றும் அதே பள்ளிவாசல், அதே வேன், அதே நனைந்த சட்டைக் கை. இந்த முறை நான் வாய் திறந்தேன். மகன் ஒரு தீர்வு சொன்னான்.

"பயணத்துல லுஹரையும் அஸரையும் சேத்துத் தொழலாம்லா உம்மா? மத்தியானமே வீட்டுல தொழுதுட்டு எறங்கிருங்கோ. நாம முஸாபிர்தானே."

முஸாபிர் என்றால் வழிப்போக்கர். நெடுந்தூரம் போகிறவர்களுக்கு மார்க்கம் தந்திருக்கிற சலுகை அது. தேங்காய்ப்பட்டணத்திலிருந்து திற்பரப்புக்குப் போய்வர அதைக் கேட்கிறான்! பணியில் இருந்தபோது தூரம் போதாது என்று எத்தனை பயணப்படிப் பட்டியல்களைத் திருப்பி அனுப்பியவள் நான்.

"லேய், நீ யாருலே முஸாபிர்?"

"நான் லீவுக்கு வந்தவன் இல்லியா உம்மா. வீடு வாசல் எல்லாம் இப்பம் அங்கதானே."

"ஓஹோ! பெறந்த வீட்டுல வந்து கெடந்து, பெத்தவ கையால திண்ணுட்டு, நீ வழிப்போக்கனா? அப்பம் நான் யாரு, சத்திரம் நடத்துகவளா?"

மருமகள் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். மகன் சிரிக்கவில்லை. இதில் எனக்குக் கோபம் மட்டும்தானா என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். மட்டும்தான்.

மறுநாள் அலமாரியைத் திறந்து, வருடாந்தரக் கணக்குத் தணிக்கையான ஜமாபந்திகளுக்குக் கட்டிப் போன கைத்தறிச் சேலைகளை எடுத்தேன். ஆட்சியர் முன்னால் விறைப்பாக நிற்பதற்காகக் கஞ்சி போட்ட சேலைகள். அவற்றைக் கத்தரித்து, இணைத்து, ஆள் உயரத்தில் ஒரு மறைப்புத் தைக்க ஆரம்பித்தேன். குளியலறை வேலையில் மிஞ்சிய பிளாஸ்டிக் குழாய்கள் அதற்குக் கால்கள். மருமகள் வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி, துணிச்சாயத்தில் தோய்த்து, ஓரம் முழுக்க நட்சத்திரமாக ஒற்றினாள். பிள்ளைகளும் ஒற்றினார்கள், பாதி துணியில், பாதி தரையில். அவளுக்கு இப்படி ஒரு கை இருப்பது இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாது. நீல நட்சத்திரங்களுக்கு நடுவே கொடி ஒன்றை வரைந்து, இலைக்கு இலை வேறு பச்சை கொடுத்தாள்.

"மாமி, கோவத்துல தைச்சா நூலு அறும்."

"அறட்டு. வேற நூல் இருக்கு."

மகன் எட்டிப் பார்த்தான். "என்ன உம்மா, சர்க்கஸுக்குக் கூடாரமா?"

"ஆமா. கோமாளி வேணும். வாறியா?"

மூன்றாவது பயணம் வட்டக்கோட்டைக்கு. திரும்பும்போது, அந்தப் பள்ளிவாசலில் நிறுத்தச் சொன்னவள் நான். குழாய்களை மருமகள் தூக்கிக்கொண்டாள். கேட்டைத் தாண்டி, முற்றத்தில் வேப்பமர நிழலுக்குப் போனோம். பள்ளிவாசல் செயலாளர் ஓடி வந்தார். பின்னால் தண்ணீர்த் தொட்டியில் ஒளு எடுத்துக்கொண்டிருந்த இரண்டு பேர், ஒரு கால் கழுவியும் மறு கால் கழுவாமலும் பார்த்து நின்றார்கள்.

"உம்மா, இங்க பெண்ணுங்களுக்கு எடம் இல்ல கேட்டியளா. வேன்ல இருங்கோ. ஆம்பிளையள் இப்பம் வந்துருவாங்க."

"எடம் கண்ணுக்கு முன்னாடி கெடக்கே. பைக்குக்கு எடம் விட்டிருக்கீரு, செருப்புக்கு எடம் விட்டிருக்கீரு."

"அப்பிடி வழக்கம் இல்லம்மா."

"எந்தக் கூட்டத்துல தீர்மானம் போட்டிய? கோரத்துக்கு ஆள் இருந்துதா?"

"தீர்மானமா? அதெல்லாம்... இமாம் உஸ்தாதுட்ட ஒரு வார்த்தை கேக்கணும்."

"கேட்டுட்டு வாரும். அதுவரைக்கும் நான் தொழுதுட்டிருக்கேன்."

தொட்டிப் பக்கமிருந்து ஒருவர் சிரித்தார். "செக்ரட்டரியே, இண்ணைக்கு நல்லா மாட்டினீரு."

மறைப்பை நட்டோம். காற்று அடித்து, வெண்டைக்காய் நட்சத்திரங்கள் முகத்தில் மோதின. கோபத்தோடு கைகட்டித் தொழுகையைத் தொடங்கிய தக்பீர் ஏற்கப்படுமா என்பதை அல்லாஹ்தான் அறிவான். ஆனால் அஸர் நேரத்தில் நின்றது. மகன் உள்ளே ஆண்களோடு தொழுதுவிட்டு, எங்களைத் தெரியாதவன் போல வேனில் போய் ஏறிக்கொண்டான்.

அடுத்த வாரம் மறுபடி பத்மநாபபுரம். சின்னவன் அரண்மனையைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று அழுதிருந்தான். வரும் வழியில் அந்தக் கேட்டில் புதிய பலகை தொங்கியது. பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை. 'பெண்கள் வளாகத்துக்குள் வர அனுமதி இல்லை. இப்படிக்கு நிர்வாகம்.'

மகன் அதைச் சத்தமாக வாசித்தான். "விடுங்கோ உம்மா. இதுக்கு மேல பேச முடியாது."

பாவம், அரசாங்கத்தில் வேலை பார்த்தவன் இல்லை. இதற்கு மேல்தான் பேசவே முடியும். வழக்கத்துக்கு மேல்முறையீடு கிடையாது, உத்தரவுக்கு உண்டு. தேதி போடாத, கையொப்பம் இல்லாத உத்தரவு என்றால் இன்னும் நல்லது. ஜமாஅத்துப் பொதுக்குழுவுக்கு ஒரு மனு, வக்ஃபு வாரியத்துக்கு ஒன்று, பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு. அந்தப் பலகையை எழுதியவருக்கு நான் நன்றிக்கடன் பட்டவள்.

ஆனால் மேல்முறையீடு நாளைக்கு. அஸர் இன்றைக்கு.

மதிற்சுவருக்கு வெளியே சாலைப் புறம்போக்கு. அது பள்ளிவாசலுக்குச் சொந்தம் இல்லை. நில அளவைப் படம் பார்த்தே வாழ்க்கையை ஓட்டியவளுக்கு அது தெரியும். வேனை ஓரம் கட்டச் சொல்லி, கேட்டை ஒட்டினாற்போல, சாலைப் பக்கமாக மறைப்பை நட்டோம். பாட்டில் தண்ணீரில் ஒளு எடுத்தோம். பஸ் போகும்போதெல்லாம் குழாய் ஆடிற்று. செயலாளர் கேட்டுக்கு உள்ளே நின்று பார்த்தார். வெளியே வர அவருக்கு அதிகாரம் இல்லை.

மகன் கேட்டுவரை போனான். பலகையை இன்னொரு தரம் பார்த்தான். திரும்பி வந்து, எங்களுக்கு முன்னால் புழுதியில் கைக்குட்டையை விரித்து, இமாமாக நின்றான். காலம் கடந்து வந்த கோப்பைப் பாராட்டும் பழக்கம் எனக்கு இல்லை.

அவன் முடித்ததும் சலாம் கொடுக்க வலப்பக்கம் முகத்தைத் திருப்பினேன். அந்தப் பக்கம்தான் பள்ளிவாசலின் கேட். கம்பிகளுக்குப் பின்னால் செயலாளர். உங்கள் மீது அமைதி உண்டாகட்டும் என்ற வாழ்த்து அவருக்கும் போய்ச் சேர்ந்தது. நான் விரும்பிக் கொடுக்கவில்லை. முறை அப்படி.