நாற்பத்து மூன்றாம் நிமிடம்

மல்வேர்ன் வீட்டில் திரேசம்மா சேர்த்து வைத்திருந்த டிவிடிகள் முந்நூறைத் தாண்டும். சொந்தத்தில் யார் வீட்டுக் கலியாணம், முதல்நன்மை, செத்தவீடு என்றாலும் வீடியோவில் ஒரு கொப்பி கேட்டு வாங்கிவிடுவார். உறையில் அந்த வீட்டாரின் பெயர் இராது. தன் ஆட்கள் வருகிற நிமிடத்தைத்தான் எழுதி வைப்பார்.

"அம்மா, உது கார்பேஜ். இப்ப எல்லாம் போனில இருக்கு," என்று மகன் றெஜினோல்ட் டிவிடிப் பெட்டியைத் தூக்கினான்.

"உன்ர போனில கொப்பர் ஆடுவாரோ? வை கீழ."

"அப்பா எப்ப ஆடினவர்?"

கமராவைக் கண்டால் ஒளிக்கிற மனிதர் அவர். செத்துப் பத்து வருடம். திரேசம்மா ஒரு டிவிடியைப் போட்டார். தங்கை மகளான பெறாமகளின் கலியாணத்தில், நாற்பத்து மூன்றாம் நிமிடம், கழுத்து ரையைக் கழற்றித் தலையில் கட்டிக்கொண்டு அவர் பைலா ஆடினார்.

றெஜினோல்ட் பெட்டியை இறக்கி வைத்தான். "போனுக்கு மாத்தித் தாறன், அம்மா."

"மாத்து. ஆனா நான் இருக்குமட்டும் ஒரு டிவிடியும் வாசல் தாண்டாது."